விண்டோஸ் 11 கணினியில் பழைய பேஜ்மேக்கரை ஓட்டுவது எப்படி: மெய்நிகர் கணினி முழு வழிகாட்டி

கொஞ்சம் வயதான அச்சகம் எதற்குள் நுழைந்தாலும் மூலையில் ஒரு பழைய கணினி தூசு படிந்து உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளே அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், நூற்றுக்கணக்கில் தமிழ் ஃபான்ட். இருபது வருடத்துத் திருமணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், ரசீது புத்தகம் எல்லாம் அதில்தான் இருக்கும். "இதே மாதிரி வேணும், பேரை மட்டும் மாத்திக் குடுங்க" என்று யாராவது பழைய பிரதியோடு வரும்போது அதைத் தட்டி எழுப்புவார்கள். ஒருநாள் மதர்போர்டு போய்விட்டால் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கும், ஆனால் திறக்க வழி இருக்காது.

அந்தக் கணினி முழுவதையும் ஒரு ஃபைலாக்கி, உங்கள் விண்டோஸ் 11 கணினிக்குள் வைத்து, பேஜ்மேக்கர் சாளரத்தை மட்டும் வேர்டுக்கும் குரோமுக்கும் பக்கத்தில் திறந்துகொள்ளலாம். இதற்குத்தான் மெய்நிகர் கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின். கீழே உள்ள முறை பேஜ்மேக்கருக்காக எழுதப்பட்டது. பழைய கணக்கு மென்பொருள், பில்லிங் மென்பொருள் எதுவானாலும் பெரும்பாலும் இதே வழிதான்.

நேராகப் போட்டால் ஓடாதா?

சில கணினிகளில் ஓடும். பிறகு பிரிண்ட் கொடுக்கும்போதோ, ஃபான்ட் மாற்றும்போதோ முகம் சுளிக்கும். பேஜ்மேக்கர் 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் மேக்கிண்டாஷுக்காகக் கொண்டுவந்தது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது, 1999-இல் அதே வேலைக்கான இன்டிசைன் வந்தது, 2001-இல் வந்த 7.0-தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் தரும் யூனிகோட் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. அதைவிடப் பழைய மென்பொருள் என்றால் இன்னும் சிக்கல்: 90-களில் வந்த பலவற்றின் நிறுவும் புரோகிராம் 16 பிட்டில் எழுதப்பட்டது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, அதில் 16 பிட் புரோகிராம் தொடங்கவே தொடங்காது. பழைய டைப் 1 ஃபான்ட்களுக்கு 2023 ஜனவரியோடு அடோபியே தன் புதிய மென்பொருள்களில் ஆதரவை நிறுத்திவிட்டது. எக்ஸ்பியில் அவை எப்போதும்போல் வேலை செய்யும்.

ஒரே இயந்திரத்தில் பல இயங்குதளங்களை ஓட்டும் யோசனை புதிதல்ல. 1960-களிலேயே ஐபிஎம் தன் பெரிய கணினிகளில் செய்துகாட்டியது. சாதாரண கணினிக்கு 1999-இல் விஎம்வேர் கொண்டுவந்தது. 2005, 2006 வாக்கில் இன்டெலும் ஏஎம்டியும் பிராசசரிலேயே இதற்கான வசதியை வைத்த பிறகு வேகமும் கூடியது. விண்டோஸ் 7-இன் புரொஃபெஷனல் பதிப்பில் 'எக்ஸ்பி மோட்' என்று மைக்ரோசாஃப்டே இதைத் தயாராகக் கொடுத்தது: உள்ளே எக்ஸ்பி ஓடும், அதிலுள்ள மென்பொருள் வெளியே விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட் மெனுவில் தெரியும். விண்டோஸ் 8-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதையே இப்போது நாம் கையால் கட்டப்போகிறோம்.

வேலையில் இறங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் எக்ஸ்பியைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஓட வேண்டியது ஒரே ஒரு மென்பொருள், எக்ஸ்பி அதற்கு அடியில் போடும் பலகை மட்டும். அதனால் உள்ளே பிரவுசர் வேண்டாம், ஆன்டிவைரஸ் வேண்டாம், பாட்டு வேண்டாம், இணைய இணைப்பே வேண்டாம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டன. இணையத்தில் விடாதவரை அதனால் பெரிய ஆபத்து இல்லை. சர்வர் உலகில் இந்த எண்ணத்தை எல்லை வரை கொண்டுபோய்விட்டார்கள். மிராஜ்ஓஎஸ் போன்ற யூனிகெர்னல்களில் முழு இயங்குதளமே கிடையாது, அந்த ஒரு மென்பொருளுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் அதோடு சேர்த்து ஒரே படிமமாக்கி ஓட்டுகிறார்கள். பேஜ்மேக்கரை அப்படி மாற்ற முடியாது, ஆனால் தேவையில்லாததை வெட்டும் மனசு நமக்கும் வேண்டும்.

என்னென்ன வேண்டும்

8 ஜிபி ராம் உள்ள கணினி, 20 ஜிபி காலி இடம். எக்ஸ்பி சிடி, முடிந்தால் சர்வீஸ் பேக் 3 சேர்ந்தது, அதன் லைசென்ஸ் எண். பேஜ்மேக்கர் சிடி, அதன் சீரியல் எண். பழைய கணினியின் ஃபான்ட் ஃபோல்டர் முழுவதும். சிடி டிரைவ் உள்ள கணினி ஒன்றில் இரண்டு சிடிகளையும் ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது முழு சிடியின் நகலாக, மாற்றி பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருள் இதைச் செய்துவிடும்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிராண்டட் கணினியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. கடையில் பெட்டியோடு தனியாக வாங்கிய எக்ஸ்பிதான் வேறு கணினிக்கு மாற்ற அனுமதி உள்ளது. 'எல்லாம் போட்டு ரெடியாக இருக்கிறது' என்று இணையத்தில் கிடைக்கும் எக்ஸ்பி படிமங்களைத் தொடாதீர்கள், அதற்குள் வேறு என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

உங்களிடம் இருப்பது எம் வரிசைச் சிப் உள்ள மேக் அல்லது ஸ்னாப்டிராகன் லேப்டாப் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மெய்நிகர் கணினி உள்ளே ஓடும் கட்டளைகளை உங்கள் பிராசசரிடமே நேராகக் கொடுக்கிறது. எக்ஸ்பி பேசுவது இன்டெல், ஏஎம்டி பிராசசர்களின் மொழி. ஏஆர்எம் சிப்பில் அதை ஓட்ட ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்கும் எமுலேட்டர் வேண்டும், அது ஆமை வேகம்.

முதல் படி: பிராசசரில் வசதியைத் திறப்பது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தட்டினால் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி இருக்கும். எனேபிள்ட் என்றிருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். டிசேபிள்ட் என்றால் கணினியை மறுபடி தொடக்கி, பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போக வேண்டும். இன்டெல் கணினியில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்' என்று இருக்கும். ஏஎம்டியில் 'எஸ்விஎம் மோட்' என்று, பெரும்பாலும் ஓவர்கிளாக்கிங் பக்கத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். அதை மாற்றிச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

இரண்டாம் படி: விர்ச்சுவல்பாக்ஸ்

இதற்குப் பல மென்பொருள் உண்டு. விண்டோஸ் 11 புரோவில் ஹைப்பர்-வி உள்ளேயே வருகிறது, விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனும் 2024 முதல் இலவசம். பழைய எக்ஸ்பிக்கு நான் சொல்வது ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸைத்தான். இலவசம், திறந்த மூலம், எக்ஸ்பிக்கு இன்னும் இடம் கொடுக்கிறது, தனிச் சாளர வசதியும் அதில் உண்டு. அதன் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று நின்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் அதை எடுத்துப் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

பக்கத்திலேயே 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்று ஒன்று இருக்கும். அது தனிப்பட்ட உபயோகத்துக்குத்தான் இலவசம், அச்சகத்தில் போட்டால் லைசென்ஸ் வாங்க வேண்டும். நமக்கு அது தேவையே இல்லை, விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கணினியை உருவாக்குவது

'நியூ' தட்டுங்கள். பெயர் பேஜ்மேக்கர் என்றே வைக்கலாம். வகையில் விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட். ஐஎஸ்ஓவைக் காட்டியதும் 'அன்அட்டெண்டட்' முறையில் தானே நிறுவட்டுமா என்ற தேர்வு வரும், அதை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், கையால் நிறுவுவது நிச்சயமானது.

ராம் 1024 எம்பி. எக்ஸ்பிக்கு இது தாராளம், அது வந்த காலத்தில் 128 எம்பி இருந்தாலே போதும் என்றார்கள். பிராசசர் ஒன்று. ஹார்ட் டிஸ்க் 15 ஜிபி, டைனமிக் வகை: 15 ஜிபியும் உடனே போகாது, உள்ளே நிரம்ப நிரம்ப ஃபைல் வளரும். 

அப்புறம் செட்டிங்ஸைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். ஸ்டோரேஜில் டிஸ்க் 'ஐடிஇ' கண்ட்ரோலரில் இருக்க வேண்டும். 'சாட்டா'வில் இருந்தால் எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் கிடையாது, நிறுவும்போதே 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரைப் பிழை வரும். எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்தாலே பொதுவாக ஐடிஇதான் வரும், இருந்தாலும் பார்த்துவிடுங்கள். டிஸ்ப்ளேயில் வீடியோ மெமரியை ஏற்றலாம், கிராஃபிக்ஸ் கண்ட்ரோலர் தானாக வந்ததே இருக்கட்டும். நெட்வொர்க்கில் 'நாட் அட்டாச்ட்'. 

ராம், நெட்வொர்க் கார்டு போன்றவற்றை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. ஆக்டிவேட் செய்தபின் மாற்றிக்கொண்டே இருந்தால் எக்ஸ்பி இதை வேறு கணினி என்று நினைத்து மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும்.

நான்காம் படி: எக்ஸ்பியை நிறுவுவது

ஸ்டார்ட் கொடுத்ததும் எக்ஸ்பியை நிறுவும் பழைய நீலநிறத் திரை வரும், இது பிழை அல்ல. எண்டர், ஒப்பந்தத்துக்கு எஃப்8, காலியிடத்தைத் தேர்ந்தெடுத்து என்டிஎஃப்எஸ் குவிக் ஃபார்மேட். ஃபைல்களை நகலெடுத்தபின் கணினி ஒருமுறை தானே அணைந்து எழும். அப்போது 'சிடியிலிருந்து தொடக்க ஏதாவது ஒரு விசையை அழுத்து' என்று கேட்கும். எதையும் அழுத்தாதீர்கள். அழுத்தினால் முதலிலிருந்து மறுபடி தொடங்கிவிடும். 

மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை என்றால் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டுங்கள். அதுதான் 'ஹோஸ்ட் கீ', இனி அடிக்கடி வேண்டும். பயனர் ஒருவரை மட்டும் உருவாக்கி, பாஸ்வேர்டு இல்லாமல் விட்டால் எக்ஸ்பி நேராக உள்ளே போய்விடும். 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை. சிடியில் சர்வீஸ் பேக் 3 இல்லையென்றால் அதை ஐஎஸ்ஓவாக உள்ளே கொடுத்து இப்போதே போட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: கெஸ்ட் அடிஷன்ஸ்

இது எக்ஸ்பிக்குள் போட வேண்டிய, விர்ச்சுவல்பாக்ஸே தரும் டிரைவர் தொகுப்பு. இது இல்லாமல் திரை சிறியதாகவே இருக்கும், ஃபோல்டர் பகிர முடியாது, தனிச் சாளரமும் வராது. மேலே 'டிவைசஸ்' மெனுவின் அடியில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' இருக்கும். தட்டினால் எக்ஸ்பிக்குள் ஒரு சிடி போட்டது போல் தெரியும், அதிலிருந்து நிறுவுங்கள். இடையில் 'விண்டோஸ் லோகோ சோதனையில் தேறவில்லை' என்று எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும், 'கண்டின்யூ எனிவே' கொடுத்துக்கொண்டே போங்கள். புதிய பதிப்பின் அடிஷன்ஸ் எக்ஸ்பியில் சண்டித்தனம் செய்தால் விர்ச்சுவல்பாக்ஸ் தளத்தின் பழைய பதிப்புகள் பக்கத்திலிருந்து 5.2 அல்லது 6.1 வரிசையின் அடிஷன்ஸ் ஐஎஸ்ஓவை எடுத்துப் போடலாம்.

ஆறாம் படி: பிரிண்டர், ஃபான்ட், பேஜ்மேக்கர்

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பேஜ்மேக்கர் பக்கத்தை அமைப்பதே பிரிண்டரைப் பார்த்துத்தான். பிரிண்டர் எதுவும் இல்லாத கணினியில் அது தடுமாறும். எக்ஸ்பியின் கண்ட்ரோல் பேனலில் 'ஆட் பிரிண்டர்' போய், லோக்கல் பிரிண்டர், தானே தேட வேண்டாம், போர்ட் 'ஃபைல்' என்று தேர்ந்தெடுங்கள். பிரிண்டர் பட்டியலில் பெயர் 'பிஎஸ்' என்று முடியும் கலர் லேசர் பிரிண்டர் ஒன்றை எடுங்கள். பிஎஸ் என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட், பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழி. அதையே டிஃபால்ட் ஆக்குங்கள். உண்மையில் அந்தப் பிரிண்டர் உங்களிடம் இருக்கத் தேவையில்லை.

ஃபான்ட்களை மொத்தமாகக் கொட்ட வேண்டாம். ஆயிரக்கணக்கில் போட்டால் எக்ஸ்பியும் மெதுவாகும், பேஜ்மேக்கர் திறக்கவும் நேரம் எடுக்கும். அடிக்கடி வேண்டியதை மட்டும் போட்டு, மிச்சத்தைப் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, ஃபைல் திறக்கும்போது 'இந்த ஃபான்ட் இல்லை' என்று கேட்டால் அப்போது போடலாம். கேட்கும் பெட்டியில் மாற்று ஃபான்ட்டை ஏற்றுக்கொண்டு சேமித்துவிடாதீர்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு, அதாவது குறியேற்றம், தமிழில் ஒரு ஃபான்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் மாறும், பக்கம் முழுக்கக் கிறுக்கலாகிவிடும்.

கடைசியாகப் பேஜ்மேக்கரை நிறுவி ஒரு பழைய ஃபைலைத் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் எக்ஸ்பியை முறையாக அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுங்கள். நாளை உள்ளே எது கெட்டாலும் சில நொடியில் இந்த இடத்துக்கே திரும்பிவிடலாம்.

ஏழாம் படி: பகிர்ந்த ஃபோல்டர்

செட்டிங்ஸில் 'ஷேர்ட் ஃபோல்டர்ஸ்' போய் வெளியே உள்ள ஒரு ஃபோல்டரைச் சேருங்கள். 'ஆட்டோ மவுண்ட்' டிக் செய்யுங்கள், எக்ஸ்பியின் மை கம்ப்யூட்டரில் ஒரு டிரைவாகவே தெரியும். டிரைவ் எழுத்தை நிலையாக ஒன்றே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேஜ்மேக்கர் இணைத்த படங்களைத் தேடி அலையும். ஒவ்வொரு வேலைக்கும் ஃபைலும் படங்களும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் அந்தத் தலைவலியே குறைவு.

பகிர்ந்த டிரைவிலிருந்து நேராகத் திறந்து மணிக்கணக்கில் வேலை செய்வதைவிட, உள்ளே சி டிரைவில் ஒரு 'வேலை' ஃபோல்டருக்கு நகலெடுத்துச் செய்து, முடித்ததும் வெளியே தள்ளிவிடுவது பாதுகாப்பு. மாலையில் கடை மூடும்போது அந்த ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அதற்குப் பிறகு உள்ளே சேமித்த எல்லாமும் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

எட்டாம் படி: பேஜ்மேக்கர் மட்டும் வெளியே

எக்ஸ்பி ஓடும்போது ஹோஸ்ட் விசையோடு எல் விசையை அழுத்துங்கள். இதற்கு 'சீம்லெஸ்' என்று பெயர். எக்ஸ்பியின் டெஸ்க்டாப் மறைந்து, பேஜ்மேக்கர் சாளரம் மட்டும் உங்கள் விண்டோஸ் 11 திரையில் மிதக்கும். பக்கத்தில் வாட்ஸப்பில் வாடிக்கையாளர் அனுப்பிய திருத்தத்தைப் பார்த்துக்கொண்டே இங்கே எழுத்தை மாற்றலாம். எக்ஸ்பியின் டாஸ்க்பாரும் கீழே வந்து ஒட்டிக்கொள்ளும். அதை 'ஆட்டோ ஹைட்' ஆக்கிவிடுங்கள். திரும்பவும் ஹோஸ்ட்டும் எல்லும் அழுத்தினால் பழைய நிலை.

எக்ஸ்பியின் 'ஸ்டார்ட்அப்' ஃபோல்டரில் பேஜ்மேக்கரின் ஷார்ட்கட்டைப் போடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் கணினியின் பெயர்மேல் வலது கிளிக் செய்து டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் உருவாக்குங்கள். இனி அதை டபுள் கிளிக் செய்தால் எக்ஸ்பி எழுந்து பேஜ்மேக்கர் தானே திறக்கும். மூடும்போது 'சேவ் த மெஷின் ஸ்டேட்' கொடுத்தால் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

பிடிஎஃப் எடுப்பது

பேஜ்மேக்கரின் பிரிண்ட் பெட்டியில் அந்தப் பிஎஸ் பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள். ஆப்ஷன்ஸில் 'ரைட் போஸ்ட்ஸ்கிரிப்ட் டு ஃபைல்' டிக் செய்து, ஃபான்ட் சேர்ப்பதில் போஸ்ட்ஸ்கிரிப்ட், ட்ரூடைப் இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். இதை விட்டால் பிளேட் போடும் இடத்தில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் வரும். பிஎஸ் ஃபைலைப் பகிர்ந்த ஃபோல்டரில் எழுதவிட்டு, வெளியே விண்டோஸ் 11-இல் அக்ரோபேட் டிஸ்டில்லர் இருந்தால் அதில், இல்லையென்றால் இலவசமான கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் போட்டு பிடிஎஃப் ஆக்குங்கள். தாள் அளவு மட்டும் முதலில் ஒருமுறை சரிபாருங்கள், அந்தப் பிரிண்டருக்குத் தெரியாத அளவைக் 'கஸ்டம்' என்று கொடுக்க வேண்டியிருக்கும்.

வழக்கமாக வரும் தொல்லைகள்

எல்லாம் சரி, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது என்றால் சாளரத்தின் கீழ்க்கோடியைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி தொடக்குங்கள். இன்னும் ஆமை போகவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி'தான் காரணமாக இருக்கும். அது உங்கள் முதன்மைக் கணினியின் பாதுகாப்பு. பேஜ்மேக்கருக்காக மட்டும் என்றால் நான் அதை அணைக்கமாட்டேன், கொஞ்சம் மெதுவாகவே ஓடட்டும்.

சில தமிழ் மென்பொருள்கள் டாங்கிள் எனப்படும் பூட்டோடு வந்தன. யுஎஸ்பி டாங்கிள் என்றால் செட்டிங்ஸில் யுஎஸ்பி 2.0 தேர்ந்தெடுத்து, அந்த டாங்கிளுக்கு ஒரு ஃபில்டர் சேர்த்தால் உள்ளே தெரியும். யுஎஸ்பி 3.0 வேண்டாம், எக்ஸ்பிக்கு அதற்கு டிரைவர் இல்லை. பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் பெரிய டாங்கிள் என்றால் கஷ்டம். கடையில் விற்கும் யுஎஸ்பி மாற்றிகள் பிரிண்டருக்கு மட்டும்தான், டாங்கிளுக்கு அவை பொதுவாக உதவாது.

எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்' கொடுத்து முழுக் கணினியையும் ஒரே 'ஓவிஏ' ஃபைலாக எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அடுத்த முறை விண்டோஸ் கணினி மாற்றும்போது விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, இந்த ஃபைலை 'இம்போர்ட்' செய்தால் போதும்.

எழுத்தை யூனிகோடுக்குக் கொண்டுவருவது

பழைய புத்தகத்தின் உரை இப்போது இணையத்தில் வேண்டும் என்றால் காப்பி, பேஸ்ட் வேண்டாம். கிளிப்போர்டில் உள்ளிருந்து வெளியே வரும்போது சில எழுத்துகள் வழியில் மாறிவிடும். பேஜ்மேக்கரில் உரைப் பெட்டிக்குள் கர்சரை வைத்து, ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து டெக்ஸ்ட் ஃபைலாகப் பகிர்ந்த ஃபோல்டரில் இறக்குங்கள். வெளியே என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு மாற்றுங்கள். மூலக் குறியேற்றம் எது என்பதுதான் கேள்வி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு வந்த ஃபான்ட்கள் பல டாப் அல்லது டாம் குறியேற்றத்தில் இருக்கும். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி அதிகம். பத்து வரியை மட்டும் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எதில் தமிழாக வருகிறதோ அதில் முழு ஃபைலையும் விடுங்கள். பிறகு ஸ்ரீ, க்ஷ, ஔ வரும் இடங்களை மட்டும் தேடித் தேடிக் கண்ணால் பார்த்துவிடுங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.